தகவலாளிகள் அல்லர்

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில், தில்லியில் பணியாற்றிக்கொண்டிருந்த வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் கென்னத் கூப்பர், மூத்த பத்திரிகையாளர் பி. என். உனியாலிடம் ஓர் உதவி கேட்டார். கன்ஷி ராமுக்கும் செய்தியாளர்களுக்கும் இடையே நேர்ந்த மோதலைப் பற்றி ஒரு தலித் பத்திரிகையாளரின் கருத்து அவருக்குத் தேவைப்பட்டது. அப்படி ஒருவரை அறிமுகப்படுத்த முடியுமா? உனியால் தலைநகரில் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்களின் பட்டியலைப் புரட்டினார், தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். ஒருவரும் கிடைக்கவில்லை. தம் நெடிய பத்திரிகை வாழ்வில் ஒரு தலித் செய்தியாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நவம்பர் 16 அன்று பயனியர் நாளிதழில் அதை எழுதினார். கேள்வி கேட்ட கூப்பர் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கர் என்பதையும் சேர்த்தே இந்த நிகழ்ச்சியை நினைவிற்கொள்ள வேண்டும்.

பத்தாண்டுகள் கழிந்தன. 2006இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் தில்லியில் இயங்கும் 37 ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தனர். அவர்களுள் தலித்தும் இல்லை, பழங்குடியினரும் இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் வெளியிட்ட ஆய்வில் 121 தலைமைப் பதவிகள் எண்ணப்பட்டன. 106 பதவிகளில் உயர்சாதியினர் அமர்ந்திருந்தனர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எண்ணிக்கை அப்போதும் சுழியம்தான்.

இந்தச் சுழியத்தின் முன்னால் வைத்துத்தான் தலித் பெண்களின் காணொலிகளைக் காண வேண்டும். தில்லியைச் சேர்ந்த மீனா கோட்வால் 2021 ஜனவரி 31 அன்று ‘தி மூக்நாயக்’ என்ற இணைய ஊடகத்தைத் தொடங்கினார். 1920இல் அதே ஜனவரி 31 அன்றுதான் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். பேச வாயற்றவர்களின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். நூற்றோராண்டுகளுக்குப் பின் அந்தப் பெயரை ஒரு பெண் எடுத்துக்கொண்டு ஒளிப்படக்கருவியின் முன் அமர்ந்தபோது, பேசப்படுபவராக மட்டுமே இருந்த ஒருவர் பேசுபவராக மாறினார். அதற்கான விலையையும் அவர் கொடுக்க நேர்ந்தது. 1927இல் மகாடில் அம்பேத்கர் செய்ததை நினைவுகூர்ந்து, 2021 டிசம்பரில் மனுஸ்மிருதியின் படியொன்றை எரிக்கும் காணொலியை வெளியிட்டார். அதையடுத்து அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூட்டில் 2002இல் தொடங்கப்பட்ட ‘கபர் லஹரியா’ இன்னொரு முன்னோடி. தில்லியைச் சேர்ந்த நிரந்தர் என்னும் பெண்கல்வி அமைப்பின் துணையோடு, பெரும்பாலும் தலித் பெண்கள் புந்தேலி மொழியில் நடத்திய செய்தித்தாள் அது. 2009இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவுப் பரிசு அதற்குக் கிடைத்தது. பின்னர் அச்சை விட்டுக் காணொலிக்கு மாறியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான கவிதா தேவி சிறுவயதிலேயே மணமுடித்து வைக்கப்பட்டவர். படிப்பு பிறகே வாய்த்தது. ‘தி கவிதா ஷோ’ என்று தம் பெயரிலேயே அவர் கருத்துரை நிகழ்ச்சி நடத்துகிறார். செய்தி சொல்வதற்கும் கருத்துச் சொல்வதற்கும் இடையே ஒரு படி உயரம் இருக்கிறது. ‘என்ன நடந்தது’ என்று சொல்ல ஒரு தலித் பெண்ணை அனுமதிக்கும் சமூகம், ‘அதன் பொருள் இதுதான்’ என்று அவர் சொல்லும்போது முகம் சுளிக்கிறது. அந்தப் படியில் அவர் ஏறி நிற்கிறார்.

பேசும் பொருளைவிடவும் பேசும் மொழி முதலில் தேர்வுக்கு உள்ளாகிறது. தில்லியின் செய்தி அறைகளில் ‘தூய உச்சரிப்பு’ என்பது எழுதப்படாத நுழைவுத் தேர்வு. ‘ஷ’ வரவேண்டிய இடத்தில் ‘ஸ’ என்று ஒலிப்பவர், பாரசீக வழி வந்த ‘ஃப’கரத்தையும் அதிர்வொலியையும் பிரித்துக் காட்டாதவர், வாய் திறந்த கணமே கிராமத்தார் என்றும் படிக்காதவர் என்றும் அடையாளப்படுத்தப்படுகிறார். தமிழருக்கு இது புதிதன்று. ‘வாளப்பளம்’ என்று சொன்னவரைப் பார்த்துச் சிரித்த வகுப்பறைகள் எத்தனையோ. ழகரம் பிசகாத நாவே அறிவுள்ள நா என்று நம்பிய வானொலிக் காலமும் ஒன்று இருந்தது. கபர் லஹரியாவின் செய்தியாளர்கள் இந்தத் தேர்வை எழுதவேயில்லை. புந்தேலியின் ஏற்ற இறக்கத்தோடு மாவட்ட அதிகாரியைக் கேள்வி கேட்கிறார்கள். அதே ஏற்ற இறக்கத்தோடு திரையை நோக்கி விளக்கம் சொல்கிறார்கள். அதிகாரத்தின் ஒலி எப்படி இருக்கும் என்று கேட்போரின் காதில் பதிந்திருந்த படிமம், வாதம் எதுவுமின்றி அங்கே மாறத் தொடங்குகிறது.

சாதியும் நிறவெறியும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றையொன்று உற்றுநோக்கிய வரலாறு அவற்றுக்கு உண்டு. 1946இல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் எழுந்த தலித் பேந்தர்ஸ் இயக்கம் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளின் பெயரை ஏற்றது. ஆகவே கறுப்பினப் பெண்கள் இணையக் காணொலியில் செய்ததை இங்கே எண்ணிப் பார்ப்பது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது.

மொழியியல் மாணவர்கள் ஜெனீவா ஸ்மித்தர்மனை அறிந்திருப்பார்கள். கறுப்பின ஆங்கிலம் பிழையான ஆங்கிலம் அன்று, தனக்கென இலக்கணமும் பேச்சுக்கலையும் உடைய மொழிவழக்கு என்பதற்காக வாழ்நாள் முழுதும் வாதாடியவர். 1979இல் ஆன் ஆர்பர் பள்ளிக் குழந்தைகளின் வழக்கு வென்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த வழக்கைப் பற்றி ஆய்வுரை எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1970களில் கல்வியாளர் இதழொன்றில் கறுப்பின ஆங்கிலத்திலேயே பத்தி எழுதினார். ஆராயப்பட்ட மொழி ஆராயும் மொழியானது. 2011இல் இஸ்ஸா ரே யூடியூபில் ‘தி மிஸ்அட்வென்சர்ஸ் ஆஃப் ஆக்வர்ட் பிளாக் கேர்ள்’ என்ற நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியபோது, அந்த உரிமை கல்விக்கூடத்துக்கு வெளியே இன்னொரு வடிவம் பெற்றது. அதன் நாயகி கூச்சப்படுபவள், தடுமாறுபவள், மனத்துக்குள்ளேயே பேசிக்கொள்பவள். எதையும் தாங்கும் வலிமை மிக்கவள் என்றோ ஓயாமல் சீறுபவள் என்றோ மட்டும் கறுப்பினப் பெண்ணைக் காட்டிவந்த திரையில், சாதாரணமாக இருப்பதே பெரும் உரிமையாக இருந்தது. அந்தத் தொடரிலிருந்து எச்பிஓவின் ‘இன்செக்யூர்’ வரை அவர் சென்றார். க்வின்டா பிரன்சனும் அவ்வாறே இணையச் சிறுகாணொலிகளில் தொடங்கி ‘ஆபட் எலிமெண்டரி’யை உருவாக்கினார்.

எல்லாருக்கும் அந்த வழி திறக்கவில்லை. 2014இல் கெய்லா நியூமன் என்ற பதினாறு வயதுப் பெண் தம் புருவத்தின் நேர்த்தியைச் சொல்ல ‘ஆன் ஃப்லீக்’ என்றொரு தொடரைச் சிறு காணொலியில் உதிர்த்தார். உலகம் அதை எடுத்துக்கொண்டது. பெருநிறுவனங்கள் விளம்பரங்களில் பயன்படுத்தின. சொன்னவருக்கு அதில் பங்கு வரவில்லை. 2019இல் பதினான்கு வயது ஜலாயா ஹார்மன் அமைத்த ‘ரெனிகேட்’ நடனம் டிக்டாக்கில் வேறு முகங்களால் புகழ்பெற்றது. அதை அமைத்தவர் யார் என்பது 2020 பிப்ரவரியில்தான் பரவலாகத் தெரியவந்தது. பயன்படுத்துவது ஒன்று, பாராட்டுவது வேறொன்று. பின்னதற்குப் பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாடு தில்லிக்கு மிக அருகில் இருக்கிறது. வியப்பையும் எகத்தாளத்தையும் காட்ட, கறுப்பினப் பெண்களின் முகபாவங்களை அசைபடங்களாக்கி அனுப்புவது இந்நகரின் மாணவர்களுக்கும் பழகிப்போன ஒன்று. 2014 ஜனவரியில் இதே நகரின் கிர்க்கி பகுதியில், அன்றைய தில்லி அமைச்சர் ஒருவர் தலைமையில் நள்ளிரவில் சென்றவர்கள் ஆப்பிரிக்கப் பெண்களைச் சூழ்ந்துகொண்டனர். அப்பெண்கள் மருத்துவப் பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்டனர். கைப்பேசித் திரையில் களிப்பூட்டும் முகம், தெருவில் ஐயத்துக்குரியதாகிவிட்டது. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்தும் இரசனைக்குப் பாராட்டு என்று பெயரில்லை.

போற்றும் நோக்கத்தோடு அணுகும்போதும் இது நிகழக்கூடும். கபர் லஹரியாவைப் பற்றி ரிந்து தாமஸ், சுஷ்மித் கோஷ் இருவரும் இயக்கிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம் 2021இல் சன்டான்ஸ் விழாவில் விருது பெற்றது. ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2022 மார்ச்சில், ஆஸ்கர் விழாவுக்குச் சில நாள்களே இருந்தபோது, கபர் லஹரியா ஓர் அறிக்கை வெளியிட்டது. படம் ஆற்றல் மிக்கது என்பதை அது ஒப்புக்கொண்டது. அதேவேளை, ஒரே அரசியல் கட்சியைச் சுற்றியே தங்கள் பணி அமைந்திருப்பதுபோலக் காட்டியிருப்பது துல்லியமானதன்று என்று சொன்னது. உலகமே கைதட்டக் காத்திருந்த வேளையில், ‘எங்களைப் பற்றிய கதையில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது’ என்று சொல்ல நிதானம் வேண்டும். அந்த அறிக்கை ஊடகக் கல்விப் பாடத்திட்டங்களில் படத்தோடு சேர்த்தே வைக்கப்பட வேண்டிய ஆவணம்.

பாடத்திட்டம் என்றதும் தில்லி எளிதில் மறக்கக்கூடாத ஓர் ஆண்டு உண்டு. மூக்நாயக் மீண்டும் பிறந்த அதே 2021இல், ஆகஸ்ட் மாதம், தில்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டனர். மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யும் உடன் நீங்கியது. ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, அதன் மக்கள் பேச்சு இலக்கியத்துக்கு ஏற்றதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை எடுத்துரைக்கும் மொழியாகவே ஆக்கியதுதான் பாமாவின் சாதனை. புந்தேலியில் விளக்கம் சொல்லும் செய்தியாளரும் அந்த வழியில்தான் நடக்கிறார். ஒரே நகரில் ஒரே ஆண்டில், கதவொன்று வெளியிலிருந்து திறக்கப்பட்டது. இன்னொன்று உள்ளிருந்து சாத்தப்பட்டது.

கல்வியுலகின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. மொழியியல் களப்பணியில் ‘தகவலாளி’ என்றொரு சொல் வழங்குகிறது. மொழியைப் பேசிக்காட்டுபவர் அவர். அதற்கு விளக்கம் தருபவர் ஆய்வாளர். பயனுள்ள சொல்தான், அது ஒரு படிநிலையையும் தன்னுள் வைத்திருக்கிறது. தலித் பெண்களின் காணொலிகள் ஆய்வேடுகளுக்குள் நுழையும்போது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகவே நுழைகின்றன. கோட்பாட்டு இயலில் ஐரோப்பிய, அமெரிக்க அறிஞர்கள். தரவு இயலில் இந்தப் பெண்கள். அவர்களின் வாக்கியங்கள் எண்ணிடப்பட்டு, ஒலிபெயர்க்கப்பட்டு, பிற்சேர்க்கைக்குள் போகின்றன. சாதியும் ஊடகமும் பற்றி அவர்கள் சொன்ன கருத்தே அந்த ஆய்வேட்டின் முடிவாகவும் இருக்கும். முடிவுக்கு உரியவராக வேறொருவர் பெயர் நிற்கும்.

‘துணிச்சல்’ என்ற புகழுரையும் இதே வேலையைச் செய்வதுண்டு. ஒருவரைத் துணிச்சலானவர் என்று சொல்லிவிட்டால், அவர் சொன்னது சரியா, புதிதா, எங்கே இடறுகிறது என்று ஆராயும் கடமை தீர்ந்துவிடுகிறது. கருத்தாளருக்குச் செய்யும் மரியாதை அவரோடு வாதிடுவது. ஜலந்தரைச் சேர்ந்த பாடகி கின்னி மாஹியின் ‘டேஞ்சர் சமார்’ பாடலை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் சாதியைக் கேட்டறிந்த ஒரு மாணவி, ‘சமார்கள் ஆபத்தானவர்கள்’ என்று சொன்னதிலிருந்து பிறந்தது அந்தப் பாட்டு. இழிசொல்லைப் பெருமிதச் சொல்லாகத் திருப்பும் உத்தி எதைச் சாதிக்கிறது, எதைச் சாதிக்க முடியாது என்பது சொற்பொருளியல் வகுப்பில் ஒரு முழுநாள் விவாதிக்கத்தக்க கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பியவர் அவர்தான் என்று சொல்லித் தொடங்கினால், வகுப்பு நேர்மையாகத் தொடங்கும்.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் காணொலிக்கு இடமுண்டு; நடைவிதி நூல்கள் அதற்கு வழி சொல்லியிருக்கின்றன. பேசியவரின் பெயர், ஆண்டு, காணொலியின் தலைப்பு, ஒளிவழியின் பெயர், மேற்கோள் வரும் நிமிடமும் நொடியும். கருத்தரங்குக்கு அழைக்கும்போது ‘அனுபவப் பகிர்வு’ அமர்வில் வைக்காமல் ஆய்வுரை அமர்வில் வைக்கலாம்; பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தரலாம். புந்தேலியில் பேசியதை இந்தியாகத் திருத்தாமல், பேசியவாறே எழுதி, அருகில் மொழிபெயர்ப்பைத் தரலாம். சந்தா கேட்கும் ஊடகத்துக்குச் சந்தா செலுத்தலாம். இந்தப் பருவத்தில் ஆய்வேட்டை முடிக்கவிருக்கும் எவரும், பிற்சேர்க்கையில் பெயரின்றிக் கிடக்கும் ஒரு வாக்கியத்தையேனும் அதைச் சொன்னவரின் பெயரோடு கோட்பாட்டு இயலுக்கு இடம் மாற்றலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.