ஜெனிசி ஆற்றங்கரையில் ஒரு நாள்

(முன்னாள் மாணவி ஒருத்தி எழுதுவது)

சென்ற முறை ஊருக்கு வந்தபோது நம் பள்ளிக்கும் போயிருந்தேன். "ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக்கொடு. உயரமான கட்டடங்களைப் பற்றி மட்டும் வேண்டாம், அதையெல்லாம் பிள்ளைகள் படத்திலேயே பார்த்துவிடுகிறார்கள்" என்றார் சிஸ்டர். ஆகவே, தங்கைகளே, ஓர் ஆற்றைப் பற்றி எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ரோச்செஸ்டர் நகரில். அந்நகரின் நடுவே ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது ஜெனிசி ஆறு. நகருக்குத் தென்மேற்கே காரில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் சென்றால், அதே ஆறு பாறையை அறுத்துக்கொண்டு 17 மைல் நீளத்திற்கு ஒரு பள்ளத்தாக்கில் பாய்வதைக் காணலாம். அதுதான் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலும் குரோட்டன்ஸ் செடியும் நினைவுக்கு வரும். இதுவோ 14,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு! மூன்று பெரிய அருவிகள் உண்டு. வில்லியம் லெட்ச்வொர்த் என்ற வணிகர் 1859-இல் இங்கே நிலம் வாங்கி, அது பாழாகாமல் காத்து, இறுதியில் ஏறக்குறைய 1,000 ஏக்கரை மாநிலத்திற்கே தானமாகக் கொடுத்தார்.

2022 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பதினான்கு வயது மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். கணவருக்கு அன்று வேலை. புளிசாதம் கட்டி, உருளைக்கிழங்கு வதக்கி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. இந்தத் தாமதத்தின் பலனைப் பிறகு சொல்கிறேன்.

இலையுதிர்காலம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். நம் ஊரில் அதன் பொருள் விளங்காது. அங்கே பகல் குறையத் தொடங்கியதும் மரம் இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பை வளர்த்துக்கொள்கிறது. பச்சையம் புதிதாக உண்டாவது நின்று, இருப்பதும் சிதைந்துவிடுகிறது. அப்போது தெரியும் மஞ்சள் நிறம் புதிதாக வந்ததன்று. கோடை முழுவதும் பச்சைக்கு அடியிலேயே இருந்ததுதான். மேப்பிள் மரத்தின் சிவப்புதான் அந்த வேளையில் புதிதாக உண்டாவது. தாவரவியல் வகுப்பில் இதை நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆயினும் நடு அருவிக்கு மேலே நின்று எதிர்க்கரையைப் பார்த்தபோது வாய் பேச எழவில்லை. மகளோ காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

அருவிக்கு மேலே மேட்டில் ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை இருக்கிறது. மேரி ஜெமிசன் என்பது அவர் பெயர். அயர்லாந்திலிருந்து வந்த பெற்றோருக்குக் கப்பலிலேயே பிறந்தவர். 1750-களில் நடந்த போரில், ஏறத்தாழ உங்கள் வயதில், குடும்பத்தோடு சிறைபிடிக்கப்பட்டார். பெற்றோர் கொல்லப்பட்டனர். செனெக்கா என்ற பழங்குடியைச் சேர்ந்த இரு சகோதரிகள் அவரைத் தங்கையாக ஏற்றுக்கொண்டனர். பிரியும்முன் தாய் அவரிடம் கேட்டது, பெயரையும் மொழியையும் ஜெபத்தையும் மறக்காதே என்பதுதான். புதிய வீட்டில் ஆங்கிலம் பேச அனுமதி இல்லை. எனவே தனியே இருக்கும்போது ஜெபத்தையும் ஞானோபதேசத்தையும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வாராம். (அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அதனால் என்ன?) பின்னாளில் திரும்பிப்போக வாய்ப்பு வந்தும் போகாமல், இந்த ஆற்றங்கரையிலேயே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். 1833-இல் இறந்தார். அவரது கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இதையெல்லாம் மகளுக்குத் தமிழில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் "ம், சரி" என்றாள். எங்கள் வீட்டில் நாலைந்து ஆண்டுகளாக இப்படித்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

சாப்பிட்டு முடித்து, ஆற்றோரக் காட்டுப்பாதையில் கீழ் அருவியை நோக்கி நடக்கத் தொடங்கும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. பாதை பள்ளத்தின் விளிம்பையொட்டிச் செல்கிறது. சிற்சில இடங்களில் கைப்பிடிச் சுவர் உண்டு. 1930-களின் பஞ்ச காலத்தில் வேலையற்ற இளைஞர்களை அரசாங்கம் திரட்டி இங்கே கல் வேலை செய்வித்தது. கீழ் அருவிக்கு இறங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் எண்ணிக்கொண்டே இறங்கி, பாதியில் எண்ணிக்கை தவறியது. அடியில் ஆற்றின் மேல் ஒரு கல் பாலம். அதில் நின்று பச்சைத் தண்ணீரைப் பார்த்தபடி நேரத்தை மறந்தோம்.

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. ஈர இலைக்கு அடியில் ஒரு வேர் இருந்திருக்கிறது. என் கால் பிசகிவிட்டது. ஆறரை மணிக்குச் சூரியன் மறையும், காட்டுக்குள்ளோ அதற்கும் முன்பே இருட்டு. கைப்பேசியில் சிக்னல் இல்லை. படம் எடுத்து எடுத்து என் கைப்பேசி அணைந்தும் போயிற்று. பூங்காச் சாலை வெகு தூரத்தில் இல்லை என்பது பின்னால் வரைபடத்தைப் பார்த்தபோது தெரிந்தது. வரைபடமோ காரில்!

மகள் ஒரு கம்பைத் தேடிக்கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மறுகையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தன் கைப்பேசி விளக்கால் ஒவ்வோர் அடியையும் காட்டி, "வேர்", "கல்", "பள்ளம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். இடப்பக்கம் கீழே எங்கோ தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. எவ்வளவு கீழே என்று தெரியவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளைக்குத் தெரியக்கூடாதென்று வாய்க்குள்ளாகவே அருள் நிறை மந்திரத்தைத் தொடங்கினேன். முற்பாதியை முடித்து மூச்சு வாங்க நின்றேன்.

பிற்பாதி பக்கத்திலிருந்து வந்தது, தமிழில்! உச்சரிப்பு கொஞ்சம் மழலை. மூன்று வயதில் ஆறு மாதம் ஊரில் என் அம்மாவிடம் இருந்தாள். அந்தி ஜெபத்தில் மடியில் உட்கார்ந்து கேட்டது. "அதெப்படி உனக்கு..." என்றேன். "நில்லாதீங்க அம்மா, நடங்க" என்றாள். அதுவும் தமிழில்தான். ஐம்பத்து மூன்று மணிகளுக்கும் எங்களுக்குப் போதுமான வழி இருந்தது. காரை அடைந்தபோது ஏழரை இருக்கும்.

மறுநாள் ஞாயிறு, வீங்கிய காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வந்து, அந்தச் சிலை அம்மாள் கடைசியில் தம் மொழியை மறந்துவிட்டாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நூல்நிலையத்தில் தேடிப் படித்துச் சொன்னேன்: படிக்கும் பழக்கம் போய்விட்டதாம், ஆனால் 1823-இல், எண்பது வயதில், தம் கதையை ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறார். கேட்டெழுதியவர் பேச்சில் ஐரிஷ் சாயல் இருந்ததாகக் குறித்திருக்கிறார்.

"அயர்லாந்தையே பார்த்ததில்லையே அவர்!" என்றாள் மகள்.

கால் சரியாக மூன்று வாரமாயிற்று. அடுத்த ஆண்டும் போனோம். காலை எட்டு மணிக்கே புறப்பட்டோம், வரைபடத்தைப் பையில் வைத்துக்கொண்டு.