மூவர் பூண்ட வேஷம்

ஒரு சங்கீதக் குழுவின் முதல் இசைத்தட்டில் எனக்கு உண்டாகும் ஸ்வாரஸ்யம், அதே குழு பிற்காலத்தில் அடைந்த பூரணத்துவத்தில் உண்டாவதில்லை என்று சொன்னால், நண்பர்கள் அதை என் பிடிவாதங்களுள் ஒன்றாகக் கருதிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். ஆயினும், 'போலீஸ்' என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட லண்டன் குழுவினர் 1978 நவம்பரில் வெளியிட்ட 'அவுட்லாண்டோஸ் டாமூர்' என்னும் முதல் தட்டை எத்தனை தடவை கேட்டாலும், அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை.

வாத்தியத்தை நன்றாக வாசிக்கத் தெரிந்திருப்பதே ஓர் அபராதமாக எண்ணப்பட்ட காலம் அது. கிழிந்த சட்டையும், மூன்று ஸ்வரக்கட்டும், அடக்கமாட்டாத கோபமும் இருந்தால் போதும் என்று 'பங்க்' இளைஞர்கள் முழங்கிக்கொண்டிருந்த அந்த லண்டனில், இந்த மூவருடைய பூர்வோத்தரத்தைக் கிளறினால் வேடிக்கையாக இருக்கும். பாடகர் ஸ்டிங், கப்பல் கட்டும் துறைகள் நிறைந்த வால்ஸெண்டில் பிறந்து, பகலில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் இரவில் ஜாஸ் வாசித்தும் வந்தவர். குழுவைத் தொடங்கிய டிரம்ஸ் கலைஞர் ஸ்டூவர்ட் கோப்லண்ட், அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஒருவரின் புதல்வராகக் கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் வளர்ந்தவர். கிட்டார் வாசித்த ஆண்டி ஸம்மர்ஸோ, 1942இல் பிறந்து, எரிக் பர்டனின் 'அனிமல்ஸ்' குழுவில்கூட வாசித்துவிட்டு, முப்பத்துநான்கு வயதில் இளைஞர் கூட்டத்தில் வந்து கலந்தவர். இவர்கள் மூவரும் ஒரே மாதிரிப் பொன்னிறத் தலையோடு காட்சியளித்தார்களே, அதுவும் கலகத்தின் சின்னமன்று. பங்க் குழு ஒன்று தேவைப்பட்ட சூயிங்கம் விளம்பரத்துக்காகக் கூலிக்குப் பூசிக்கொண்ட சாயம். விளம்பரம் ஒளிபரப்பாகவில்லை, சாயம் மட்டும் நிலைத்தது.

ஸர்ரே மாவட்டத்து லெதர்ஹெட்டில் நைஜல் கிரே என்ற வைத்தியர் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில், கோப்லண்டின் தமையனார் மைல்ஸ் கடனாகக் கொடுத்த 1,500 பவுனைக் கொண்டு, வேறு யாராவது வராமல் கூடம் காலியாகக் கிடக்கும் வேளைகளிலெல்லாம் புகுந்து, ஏறக்குறைய ஆறு மாத காலம் விட்டுவிட்டுப் பதிவு செய்தார்கள். ஒரு பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் இருந்திருந்தால், அனுபவம் மிக்க தயாரிப்பாளர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் இழைத்து மெழுகியிருப்பார். அந்த ஆபத்திலிருந்து இவர்களைக் காத்தது இல்லாமைதான்.

'ராக்ஸான்' என்ற பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1977இல் பாரிஸுக்குக் கச்சேரி செய்யச் சென்றிருந்தபோது, தங்கிய விடுதியை அடுத்த வீதியில் நின்ற விலைமாதரைக் கண்ட ஸ்டிங், விடுதிக் கூடத்தில் தொங்கிய 'ஸிரானோ' நாடகத்தின் பழைய சுவரொட்டியிலிருந்து அந்நாடகத்து நாயகியின் பெயரை எடுத்துக்கொண்டு இதை எழுதினார். முதலில் பிரேஸில் நாட்டுப் போஸா நோவா நடையில் அமைந்திருந்ததை, கோப்லண்டின் யோசனைப்படி டாங்கோ சாயலுக்கு மாற்றினார்கள். தங்கள் வேஷத்துக்குச் சற்றும் பொருந்தாத இந்தப் பாட்டை மைல்ஸிடம் போட்டுக்காட்டவே அவர்களுக்குக் கூச்சமாக இருந்ததாம். கேட்டவுடனே அவர் பரவசமடைந்து, அதை எடுத்துக்கொண்டு போய் ஏ அண்ட் எம் கம்பெனியாரின் ஒப்பந்தத்தைப் பெற்று வந்தார். பாட்டின் ஆரம்பத்தில் ஒரு பியானோ அபஸ்வரமும் அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் கேட்கும். பியானோ மூடியிருக்கிறது என்று நினைத்து ஸ்டிங் அதன் கட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டதன் பலன் அது. அழிக்காமல் விட்டார்களே, அந்த ரஸனைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஜமைக்காவின் ரெகே தாளத்தை இவர்கள் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. நம் கச்சேரிகளில் சமத்தில் எடுக்காமல் சற்றுத் தள்ளி அனாகதத்தில் எடுக்கும் பல்லவி, கேட்பவனை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்துகிறதல்லவா, அதைப்போலவே ரெகேயும் முதல் அடியை வெறுமையாக விட்டு மூன்றாம் அடியில் பாரத்தை வைக்கிறது. சிறுவயதில் கேட்ட அரபு தாளங்களிலும் இந்தக் குணம் உண்டு என்று கோப்லண்ட் சொல்லியிருக்கிறார். 'ஸோ லோன்லி'யில் சரணங்கள் இந்த நடையில் சாவதானமாக நகர்ந்து, பல்லவி வந்ததும் பங்க் வேகத்தில் தலைதெறிக்க ஓடுகின்றன. வேஷமும் சுபாவமும் மாறிமாறித் தலைகாட்டும் அந்த இடந்தான் தட்டு முழுவதிலும் எனக்குப் பிரியமானது.

எல்லாப் பாட்டுகளும் இந்தத் தரத்தன என்று சாதிக்கமாட்டேன். 'பீனட்ஸ்' வெறும் ஆரவாரம். இன்னொரு பாட்டில், ரப்பர் பொம்மையைக் காதலிக்கும் ஒருவனின் பிரலாபமாக ஸம்மர்ஸ் பேசும் பகுதி வரும்போது, வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாவிட்டாலும் நான் ஊசியைத் தூக்கிவிடுவது வழக்கம். கடைசியில் வரும் 'மஸோகோ டாங்கா' அர்த்தமில்லாத ஒலிகளாலேயே ஆனது. எனினும் அதில் ஸ்டிங்கின் பேஸ் கிட்டார் பேசுகிற பேச்சுக்கு அகராதி தேவையில்லை.

வெளியானபோது யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. விலைமாதைப் பற்றிய பாட்டென்பதால் பி.பி.ஸி. 'ராக்ஸானை' ஒலிபரப்பத் தயங்கியது. மற்றொரு பாட்டின் உறையில், பனிக்கட்டிமேல் தூக்குக் கயிற்றோடு நிற்கும் மனிதனின் படம் இருந்ததால் அதற்கும் தடங்கல் வந்தது. மலிவான லேக்கர் விமானத்தில் அமெரிக்கா சென்று, விரல்விட்டு எண்ணத்தக்க ரஸிகர்கள் முன்பும் சளைக்காமல் வாசித்த பிறகே, 1979இல் அதே பாட்டுகள் மறுபடி வெளியிடப்பட்டு, இசைத்தட்டும் பிரிட்டனில் ஆறாம் இடம்வரை ஏறியது. அதே ஆண்டில் இரண்டாவது தட்டைப் பதிவுசெய்ய அவர்கள் மறுபடியும் லெதர்ஹெட் வைத்தியரிடமே போனார்கள். அந்தத் தட்டு முதலிடத்தையே பிடித்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை; மூவரும் தாங்கள் யாரென்று தெரிந்துகொண்டு வாசிக்கிறார்கள் என்பதைத் தவிர.