கூட்டுக் குடும்பம்

குளத்துப் பாசியைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசி, பிளந்து பிள்ளைகளாகிவிடும், பிணம் மிஞ்சாது. அதன் உறவினரான வால்வாக்ஸோ கூடிக் குடித்தனம் செய்கிறது. 1700-இல் ஹாலந்துக்காரரான லீவன்ஹூக் உருப்பெருக்கியில் கண்டு எழுதிய பச்சை உருண்டை அது. அதில் ஒரு வகையில், சுமார் 2,000 சிறு செல்கள் நீந்தி உருண்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுசெல்கின்றன. பிள்ளை பெறுவதோ, உள்ளே இருக்கும் 16-க்கு மேற்படாத பெரிய செல்கள் மட்டுமே. பிள்ளைகள் வெளியேறியதும் அந்த 2,000 செல்களும் மடிகின்றன.

இதைப் படித்தபோது சித்தப்பாவின் ஞாபகம் வந்தது. கல்யாணமே செய்துகொள்ளாதவர். "பெயர் சொல்லப் பிள்ளையில்லையே" என்று ஊர் பரிதாபப்பட்டது. அவர் சம்பளத்தில் படித்து ஆளானவர்கள் நாங்கள் 11 பேர்.