உப்புத்தாளும் குருந்தக்கல்லும்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதும், அதன் நெடிய தண்டைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருக்கும் என்பதும் ஏற்காட்டுக்கு ஒருமுறை போய்வந்தவர்களும் அறிந்த விஷயமே. ஆனால் அம்மரத்தை மையத்தை நோக்கி அறுத்த பலகையில் மீன் செதில் போன்ற புள்ளிகள் வரிசை வரிசையாக மினுங்கும் அழகை, எழுதுமேசைக்கென்று எனக்குக் கிடைத்த நான்கு பலகைகளை இழைப்புளியால் இழைத்த அன்றுதான் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

அந்த மினுக்கத்தை விரைவில் வெளிக்கொணர வேண்டுமென்ற ஆவலால், 80 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, உடனே 320க்குத் தாவி, சில்வர் ஓக் தூள் பட்டால் வரும் தோல் அரிப்பையும் பொருட்படுத்தாமல் இரண்டு நாள் தேய்த்தேன். பலகை கைக்கு வழுவழுப்பாகவே இருந்தது. அரக்குப் பாலிஷின் முதல் பூச்சு ஏறியதும், அதுவரை ஒளிந்திருந்த கீறல்களெல்லாம் நகக்குறிகள்போல் எழுந்து நின்றன. பார்க்க வந்த ஆசாரி, விளக்கைப் பலகையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு கணம் நோக்கிவிட்டுக் கேட்டார்:

“நூத்தி இருவது எங்கே போச்சுங்கய்யா?”

தாளின் பின்புறத்து எண் துகளைச் சலித்த சல்லடையின் கணக்கிலிருந்து பிறந்தது. எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். ஒவ்வொரு தாளுக்கும் உரிய காரியம் தனக்கு முந்திய தாள் இட்ட கோடுகளை அழிப்பது மட்டுமே. 80 பறித்த பள்ளத்தின் அடியை 320இன் பொடித்துகள் எட்டுவதில்லை. மேட்டை மட்டும் மெருகேற்றிப் பள்ளத்தை அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே பாலிஷைச் சுரண்டி எடுத்து, 120, 180 என்று நார் ஓடும் திசையிலேயே தேய்த்து, ஈரத்துணியால் துடைத்துச் சிலும்புகளை எழுப்பி, மலைமூடுபனியில் ஈரம் வற்றுமட்டும் காத்திருந்து, பிறகு 220இல் முடித்தோம்.

தந்தம் கடைபவரும் மரம் இழைப்பவரும் சொரசொரப்பான பராய் இலையால் தேய்த்த காலம் ஒன்றுண்டு; அந்தப் பராயே திருப்பராய்த்துறையில் தலவிருட்சமாக நிற்கிறது. தேய்க்கும் கல்லுக்கும் நமக்குமுள்ள சம்பந்தமோ அதனினும் நெருக்கமானது. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள குருந்தக்கல்லை உலகம் ‘கொரண்டம்’ என்று அழைப்பது நம் ‘குருந்தம்’ என்ற சொல்லைக் கொண்டுதான். 1891இல் அமெரிக்கர் ஆச்சிசன் மின்னுலையில் புதியதொரு தேய்ப்புப்பொருளைக் கண்டபோது, கார்பனையும் கொரண்டத்தையும் இணைத்துக் ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். அப்பெயர் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் என்ற கம்பெனியாகச் சென்னைக்கே வந்து சேர்ந்தது. கடல் கடந்து உருமாறித் தாய்வீடு திரும்பிய அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இன்னொன்றும் உண்டு. மரத்துக்கு நாம் வாங்கும் பழுப்புத் தாள்களில் ஒட்டியிருப்பது பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செய்த குருந்தம். அந்தப் பாக்சைட் இனத்துக் கல்லே இம்மலையின் முகடுகளில் படிந்து கிடந்து, மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டியெடுக்கப்பட்டது. மரம் வேரூன்றி நின்ற மண்ணின் சுற்றத்தாரே அம்மரத்தை வழுவழுப்பாக்குகிறார்கள் என்ற எண்ணம், அன்று நான் பலகையில் வைத்த கையின் வேகத்தைத் தானாகவே குறைத்தது.

பூச்சுகளுக்கு நடுவே தேய்க்க 400 எண் தாள் வேண்டுமே என்று, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் புறப்பட ஆயத்தமானேன். துகள் மழுங்கி, மடிப்பில் கிழிந்து, நான் குப்பையில் போடவிருந்த 220 தாளை ஆசாரி வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, நான்காக மடித்தார்.

“இதுதாங்கய்யா கடைசித் தேய்ப்புக்கு. பழசானாத்தான் பூப்போல போகும்.”