விட்ஸுக்கு ரேஸ் சாமான் பூட்டலாமா?

கொழும்பில் எந்தச் சந்தியில் ஐந்து நிமிடம் நின்றாலும் ஒரு விட்ஸ் கடந்துபோகும். வெள்ளவத்தை ஃபிளட்டுகளின் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும். கொட்டாஞ்சேனையில் கொன்டெய்னர் லொறிகளுக்கு நடுவில் நெளிந்து போகும். அம்மாவைக் கோயிலுக்கும், தங்கச்சியை டியூஷனுக்கும் கொண்டுபோகும். கனடாவிலிருந்து வரும் மாமாவைக் கட்டுநாயக்காவிலிருந்து ஏற்றி வரும். பெற்றோல் கூடக் குடிக்காது, சாமான் லேசாகக் கிடைக்கும், விற்றால் காசு வரும். இந்தக் காருக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

சம்பந்தம் இருக்கு. ஜப்பானில் இதே விட்ஸுக்கென்றே 2000ஆம் ஆண்டு ஒரு ரேஸ் தொடர் தொடங்கியது. நெட்ஸ் கப் விட்ஸ் ரேஸ் என்று பெயர். 2021இல் அதன் இடத்துக்கு யாரிஸ் கப் வந்தது. அதில் ஓடியவை நம்பர் பிளேட் போட்ட கார்கள். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு போய், தடத்தில் ரேஸ் ஓடி, அதே காரில் வீட்டுக்குத் திரும்பலாம். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்களுக்கு அந்த நினைப்புத்தான்.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேர் வெள்ளவத்தை, இரண்டு பேர் கொட்டாஞ்சேனை. நாலு பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரு விட்ஸ். அதுவும் எங்களில் ஒருவரின் அப்பாவின் பெயரில். ஜப்பானில் உடைத்த கார்களின் சாமான்கள் கொன்டெய்னரில் பஞ்சிகாவத்தைக்கு வரும். சில வேளை அதற்குள் ரேஸ் ஓடின காரின் சாமானும் அகப்படும். அப்படி ஒரு செட் எங்கட கண்ணில் பட்டது. ஷொக்கும் ஸ்பிரிங்கும், பக்கட் சீட் ஒன்று, அதற்கான பெல்ட், பிரேக் பாட், கழற்றி வைத்த ரோல் கேஜ். "மச்சான், இதை விட்டா திரும்பக் கிடைக்காது" என்று ஒருவன் சொன்னான். இன்னொருவன் ஃபோனில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.

வாங்குவதற்கு முன் இரண்டு கிழமை இருந்து வாசித்தோம், கேட்டோம். அதில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். உங்களில் கனபேருக்கும் இதே ஆசை இருக்கும் என்று தெரியும்.

முதலில் ஒரு விஷயம். ஸ்பெக் ரேஸ் என்றால் எல்லாருக்கும் ஒரே கார், ஒரே ஷொக், ஒரே டயர். ஆகவே ஸ்பெக் சாமானின் முதல் வேலை காரை வேகமாக்குவது இல்லை. காருக்குக் கார் வித்தியாசத்தை இல்லாமல் ஆக்குவது. காசுக்காரன் வெல்லாமல் ஓட்டத் தெரிந்தவன் வெல்லவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. யாழ்ப்பாணத்து மாட்டுவண்டிச் சவாரியில் மாடுகளைத் தரம் பிரித்து ஓடவிடுவதும் கிட்டத்தட்ட இதே நியாயத்தில்தான்.

எங்கட பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். 1980களின் கடைசியில் அவர் மாருதி 800இன் எஞ்சினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபோர்முலா மாருதி என்று அதற்குப் பெயர். வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர். ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபோர்முலா வன்னுக்குப் போனார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்துத் தடம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அவர் செய்ததைக் கவனியுங்கள். மலிவான காரின் எஞ்சினை எடுத்து, ரேஸுக்கென்றே கட்டின உடம்புக்குள் வைத்தார். நாங்கள் நினைத்தது அதற்கு நேர் எதிர்: ரேஸ் சாமானைக் கொண்டுவந்து, அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றும் காரில் பூட்டுவது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எங்கட கார் 996 சிசி, மூன்று சிலிண்டர், 71 குதிரைவலு, கியரும் தானாகவே மாறும். அந்த செட் வந்தது 1.5 லீற்றர், நாலு சிலிண்டர், மனுவல் கியர் ஆர்எஸ் மொடலிலிருந்து. முன் ஸ்பிரிங் அந்தப் பாரமான எஞ்சினைத் தாங்கக் கணக்குப் போட்டது. எங்கட லேசான எஞ்சினின் கீழ் பூட்டினால் மூக்குத் தூக்கி நிற்கும், இறுக்கமும் கூடிப்போகும். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த கராஜ்கார அண்ணன் செட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பூட்டினா பூட்டும். ஆனா ரோட்டு?" வழவழப்பான தடத்தில் இறுக்கமான ஸ்பிரிங் டயரை நிலத்தோடு வைத்திருக்கும். குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடின ரோட்டில் அதே ஸ்பிரிங் டயரைத் துள்ளவைக்கும். டயர் நிலத்தில் இல்லாத நேரம் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

பிரேக் பாட் இதைவிட மோசம். ரேஸ் பாட் சூடேறினால்தான் கடிக்கும். தடத்தில் ஒவ்வொரு வளைவிலும் பிரேக் பிடிப்பதால் அது சூடாகவே இருக்கும். பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வரும்போது எங்கே சூடேறுவது? குளிர்ந்த ரேஸ் பாட், கடையில் வாங்கும் சாதாரண பாட்டைவிடப் பிந்தித்தான் நிறுத்தும். மஞ்சள் கோட்டில் ஒரு பிள்ளை இறங்கும்போது அந்தப் பிந்தல் போதும்.

கேஜும் சீட்டும் பெல்ட்டும்தான் எங்களை ரொம்ப நேரம் யோசிக்கவைத்தவை. பார்க்க வடிவு. பாதுகாப்புச் சாமான் தானே, அதில் என்ன பிழை என்று வீட்டில் சொல்லவும் வசதி. ஆனால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் சாமான்கள். ரேஸ் பெல்ட் ஆளை நிமிர்த்திக் கட்டிவைக்கும். கார் புரண்டு கூரை நசிந்தால் சரிந்து தப்ப இடமில்லை. ஆகவே கேஜ் வேண்டும். கேஜ் என்பது தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய். சின்ன அடியிலேயே தலை அதில் மோதும். ஆகவே ஹெல்மெட் வேண்டும். ஹெல்மெட் போட்டுக்கொண்டு புறக்கோட்டைக்கு மரக்கறி வாங்கப் போவீர்களா? கேஜின் பின் குழாய்கள் வேறு பின் சீட்டுக்கு மேலால் போகும். அம்மம்மா எங்கே இருப்பது? ஏற்கெனவே காரில் இருக்கும் மூன்று முனை பெல்ட்டும் ஏர்பேக்கும் ஹெல்மெட் போடாத சாதாரண ஆளுக்காகச் சேர்த்து வடிவமைத்தவை. பாதியைக் கழற்றினால் மற்றப் பாதியும் வேலை செய்யாது.

இதெல்லாம் வெறும் டெக்னிக்கல் கதை இல்லை. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். ரேஸ் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் 8 வயதுப் பிள்ளையும் ஒன்று. இருபதுக்கு மேல் காயம். காருக்குள் கேஜ் இருக்கும், பெல்ட் இருக்கும். வேலியோரம் நின்ற பிள்ளைக்கு என்ன இருந்தது? முறையாக நடத்தின போட்டியிலேயே இப்படி. இரவு பதினொரு மணிக்கு மரைன் டிரைவில் காரை விரட்டும்போது, கடற்காற்று வாங்க வந்து நிற்கிற சனத்துக்கு என்ன இருக்கு?

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். அப்பாவிடம் கேட்டபோது அவர் ஷொக்கைப் பற்றியோ காசைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, உது சத்தம் போடுமோ? ஆக்கள் திரும்பிப் பாப்பினமோ?" என்றுதான் கேட்டார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் யோசித்தோம். செக்பொயின்ட் இருந்த காலத்தில் இந்த நகரத்தில் தமிழ்ப் பெடியனுக்கு நல்ல கார் என்றால் யாரும் திரும்பிப் பார்க்காத கார். 2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியபோது, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எல்லா வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. அப்பாவுக்கு விட்ஸ் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் திரும்பிப் பார்க்கவைக்க ஆசைப்படுவதும் நியாயம்தான். அது எங்களுக்குக் கிடைத்த சுதந்திரம். ஆனால் அந்தச் சுதந்திரத்தை மற்றவனின் உயிரில் ஓட்டிப் பார்க்க முடியாது.

காசுக் கதையும் இருக்கு. 2020இல் கார் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய விட்ஸ் வாங்கின விலையைவிடக் கூடின விலைக்கு விற்றது. கனவீட்டில் வீட்டுக்கு அடுத்த சொத்து அதுதான். அதில் துளை போட்டு இரும்புக் குழாய் பூட்டினால் விலையும் போகும். அனுமதியில்லாத மாற்றம் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ்காரரும் கையை விரிக்கலாம்.

ஆகவே செட்டை விட்டுவிட்டோம். அதன் விலையில் பாதிகூட ஆகாத காசுக்கு நாலு நல்ல டயர், புது பிரேக் ஒயில், இந்தக் காருக்கே உரிய புது ஷொக், தேய்ந்த புஷ்கள், வீல் அலைன்மென்ட். வெளியில் ஒன்றுமே தெரியாது, படம் எடுத்துப் போடவும் ஏலாது. ஆனால் மழையில் பிரேக் பிடித்தால் கார் நேராக நிற்கிறது.

ரேஸ் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. பண்டாரகமவில் கார்ட்டிங் தடம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, தலையில் ஹெல்மெட், சுற்றிவர டயர்ச் சுவர். ஸ்பெக் ரேஸ் என்றால் அதுதானே. நாலு பேரும் காசு சேர்த்து மாதம் ஒருமுறை போகிறோம். எங்களில் யாருக்கு உண்மையில் ஓட்டத் தெரியும் என்பது முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆள் யாரென்று இங்கே எழுதக்கூடாது என்று மற்ற மூன்று பேரும் தீர்மானித்திருக்கிறோம்.