ஆணி பிடுங்கும் கூலி

முரட்டு மரத்தில் வீட்டை அலங்கரிக்கும் ஆசை வடசென்னைக்குப் புதிது. அதற்கு வேண்டிய மரம் இங்கே வெகுகாலமாகக் கிடக்கிறது. எம்.கே.பி. நகரை ஒட்டிய சிறு மரப்பட்டறைகளில் நான் பார்த்தவரை அது இரண்டு வழியில் வந்து சேர்கிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் சரக்கோடு இறங்கி, சரக்கு போனபின் மிஞ்சும் பேலட்டும் பெட்டிப் பலகையும் ஒரு வழி. ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் இடிபடும் பழைய வீடுகளின் தூலமும் நிலையும் ஜன்னல் சட்டமும் இன்னொரு வழி. வாங்க வருகிறவர் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்: பழைய மரம், வழவழப்பு வேண்டாம், பாலிஷும் வேண்டாம், ஆகவே விலை பாதியாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கு அடியோடு தப்பு. புது மரத்தை இழைத்து மினுக்குவதைவிட, பழைய மரத்தை அதன் முரட்டுத்தனம் கெடாமல் வீட்டுக்குள் வைக்கும்படி ஆக்குவதில்தான் வேலை அதிகம். அந்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் கூலியிலும் தெரிவதில்லை.

ஒரு பேலட்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் 1961 முதல் புழங்கும் பொது அளவுப் பேலட் 1200-க்கு 800 மில்லிமீட்டர். அதில் 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. இங்கே வருவதெல்லாம் அந்த அளவில் இருக்காது என்றாலும் அமைப்பு ஏறக்குறைய இதேதான். ஆணியின் உடம்பு முறுக்கியிருக்கும். கப்பல் ஆட்டத்திலும் ஃபோர்க்லிஃப்ட் இடியிலும் கழன்றுவிடக் கூடாதென்றே அப்படிச் செய்கிறார்கள். கடப்பாரை போட்டு நெம்பினால் ஆணி வராது, பலகையின் நுனிதான் பிளந்து வரும். ஆகவே அடியிலிருந்து தட்டித் தட்டி ஒரு விரல் இடைவெளி உண்டாக்கி, அந்தச் சந்தில் ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்து, மிச்சத்தைப் பின்னாலிருந்து அடித்து வெளியேற்ற வேண்டும். இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? மேல்தட்டில் எட்டு சதுர அடி. அடிப்பலகை, குறுக்குப்பலகை ஒன்றுகூட உடையாமல் வந்தாலும் மொத்தம் பதினாறு. பத்துக்கு எட்டு அடிச் சுவர் ஒன்றை மூட ஐந்து பேலட் பிரிக்க வேண்டும். அதாவது 390 ஆணி. தலை அறுந்து உள்ளே தங்கிவிட்ட ஒரே ஒரு ஆணி போதும், பிளேனரின் பிளேடு பல்லிளித்துவிடும். அதனால் ஒவ்வொரு பலகையையும் காந்தத்தாலும் பிறகு கையாலும் தடவிப் பார்க்கிறார்கள். அதன்பின் கம்பி பிரஷ்ஷால் ரேகை வாக்கில் தேய்ப்பது, ஓரத்துச் சிலாம்பை உப்புத்தாளால் கொல்வது. குழந்தையின் கையில் குத்தவும் கூடாது, மில்லில் அறுத்த ரம்பத் தடம் மறையவும் கூடாது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைதான் இங்கே தொழில்.

பழைய வீட்டு மரத்தின் கதை வேறு. மெட்ராஸ் டெரஸ் என்கிற கூரையில், தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டினார்கள். மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதியையே நிறுத்திவிட்ட பிறகு, பர்மா தேக்கு வேண்டுமென்பவருக்கு இந்தக் கட்டைகளின் மதிப்பு கூடியிருக்கிறது. வைரம் பாய்ந்த அந்த மரத்தில் இரும்பாணி இருந்த இடம் கறுத்துப்போயிருக்கும். ஒருவர் அந்தக் கறையைத்தான் கேட்பார். இன்னொருவர் மக்கு வைத்து அடைக்கச் சொல்வார். மூன்றாமவர் பழைய பச்சை பெயின்ட் செதில் செதிலாக உரிந்த கதவு அப்படியே வேண்டும் என்பார். மூன்றும் நியாயமான ரசனைதான். ஆனால் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் சிறிய அறைக்கு எல்லாம் பொருந்தாது. கறுத்த தேக்கால் சுவரை மூடினால் அறை இன்னும் குறுகும். பேலட்டின் வெளுத்த பைன் பலகை அங்கே பொருந்தும். தேக்கு, கை படும் இடங்களில், மேசை விளிம்பிலோ ஊஞ்சல் பலகையிலோ இருக்கட்டும். ஒரு வீட்டுக்கு ஒரு முரட்டு மூலை போதும் என்பது என் கட்சி.

இதே தோற்றத்தில் மைகா ஷீட் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். தோற்றம் மட்டும் போதுமென்றால் மைகாவே போதும். அதில் எனக்குச் சண்டையில்லை. கரையான் பயம் அதைவிட வலுவான கேள்வி. பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரைக்குப் பக்கத்தில் ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். உள்ளேயிருந்த பூச்சி அதில் செத்திருக்கும். நாளை ஏறப்போகும் கரையானை அது தடுக்காது. ஆகவே பைனுக்குப் போராக்ஸ் கரைசல் பூச்சு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடியில் நின்ற தண்ணீரை நினைத்தால், பலகை தரையைத் தொடாமல் மேலே நிற்பதும் அவசியம். முத்திரையில் ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தவிர்த்துவிடலாம். முத்திரையைவிட நான் அஞ்சுவது எண்ணெய்க் கறையையும் ரசாயன நெடியையும். மணலித் தொழிற்சாலைகளின் பக்கத்தில் இருந்துகொண்டு, பேலட்மேல் எது சிந்தியது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. இடித்த வீட்டு மரம் வீட்டுக்கு ஆகாது என்று பெரியவர்கள் தடுப்பதும் உண்டு. அந்த மனத்தடையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து செட்டிநாட்டுக் கதவுகளும் தூண்களும் ஊரூராகப் போய்ப் புது வீடுகளில் நிற்பதையும் அவர்களுக்குக் காட்டலாம்.

எனக்குப் பதில் எளிதாக வராத இடம் அந்த உரிந்த பெயின்ட். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய கதவைச் சுரண்டும்போது எழும் தூளில் ஈயம் இருக்கலாம். முதலில் அதைச் சுவாசிப்பவர் தொழிலாளி, அடுத்து அந்த வீட்டுக் குழந்தை. இருப்பதை உதிராமல் தெளிந்த வார்னிஷ்ஷால் மூடலாம், அல்லது நனைத்துச் சுரண்டலாம். இரண்டுக்கும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு விலை கிடைக்குமா? நெதர்லாந்து வடிவமைப்பாளர் பீட் ஹைன் ஏக் 1990-இல் தன் பட்டப்படிப்பு வேலையாகப் பழைய மரத் துண்டுகளில் அலமாரி செய்தவர். இன்று அவருடைய கழிவுமர மேசைகள் பெரும் விலைக்குப் போகின்றன. அங்கே வாங்குகிறவர்கள் உழைப்புக்கே விலை கொடுக்கிறார்கள். ‘அது பணக்கார நாடு, இங்கே கட்டாது’ என்பார்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் கட்டாதுதான். ஆணி எடுப்பவரின் நாள் முழுவதும் அந்த விலைக்குள் கரைந்துபோகும். பிரிப்பதையும் ஆணி எடுப்பதையும் ரசீதில் தனி வரியாக எழுதி நாள்கூலியாகக் கொடுக்கலாம். முகக்கவசம், கையுறை, டெட்டனஸ் ஊசி ஆகியவற்றின் செலவும் அதே வரியில் சேர வேண்டும்.