அடிவண்டல்

பெட்ரோல் முள் அடிக்கோட்டைத் தொடும்வரை வண்டியை ஓட்டினால் இயந்திரம் கெட்டுப்போகும் என்று வீடுகளில் சொல்லப்படுவதுண்டு. காரணம் கேட்டால், டேங்கின் அடியில் வண்டல் தங்கியிருக்கும், கடைசிச் சொட்டுகளோடு அதுவும் இறங்கி வந்து அடைத்துக்கொள்ளும் என்பார்கள். இந்த நம்பிக்கையின் ஊற்று கார் அன்று, ஸ்கூட்டர் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பழைய பஜாஜ் சேத்தக்கை ஓட்டியவர்கள் அதன் பெட்ரோல் திருகை மறந்திருக்க மாட்டார்கள். ரிசர்வ் என்று தனியாக ஒரு டேங்க் அதில் இல்லை. ஒரே டேங்கினுள் உயரத்தில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக இரு வாய்கள். அன்றாட ஓட்டத்தில் பெட்ரோல் மேல்வாய் வழியே இறங்கும். மட்டம் அதற்குக் கீழே சென்றதும் வண்டி இருமி நிற்கும். குனிந்து திருகைத் திருப்புவோம். அதுவரை அசையாது கிடந்த அடிப்பகுதி அப்போதுதான் இறங்கத் தொடங்கும். துருவும் தூசும் கார்புரேட்டரில் சிக்கியதில் வியப்பென்ன?

காரிலோ பம்ப் எந்நாளும் அடியிலிருந்தே இழுக்கிறது, டேங்க் நிறைந்திருக்கும்போதும் அப்படித்தான். வாயில் வலை வடிகட்டி வேறு. ஆகவே வண்டல் வாதம் அங்கே அவ்வளவாக நிற்காது.

ஆனால் பழையவர்கள் அறிந்திராத வேறொரு தீங்கு உண்மையாகவே இருக்கிறது. அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் பம்ப் இயந்திரத்தோடு ஒட்டியமர்ந்து, அதன் சுழற்சியாலேயே இயங்கியது. இன்றைய பெட்ரோல் கார்களில் அது மின்சாரத்தில் ஓடுவது; டேங்கிற்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது. தன்னூடே பாயும் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. மசகெண்ணெயின் வேலையும் அதனுடையதே. மட்டம் மிகவும் தாழ்ந்துவிட்டால், வளைவிலும் மேட்டிலும் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது, சூடேறித் தேய்கிறது. மஞ்சள் விளக்கு எரிந்த மறுகணமே கேடு விளைந்துவிடாது. அதுவே வழக்கமானால் பம்பின் ஆயுள் குறையும். டீசல் வண்டியை அடியோடு வற்றவிட்டாலோ குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே அது கிளம்பும்.

இதை அலட்சியம் என்று கடிந்துகொள்வோரோடு எங்களால் முழுவதும் உடன்பட இயலவில்லை. அன்றைய சவாரியில் கிடைத்த 500 ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பும் வாடகைக் கார் ஓட்டுநர் அறியாமையாலா அப்படிச் செய்கிறார்? டேங்கை நிரப்ப மொத்தமாகப் பணம் இல்லாதவருக்குத்தான் பம்ப் மாற்றும் செலவும் முன்கூட்டியே வந்து சேர்கிறது. அந்தச் செலவோ ஒரு டேங்க் பெட்ரோலைவிடப் பெரிது.

எங்கள் வீட்டு வண்டியில் முள் கால்பங்கிற்குக் கீழே இறங்குவதில்லை. அதற்குக் காரணம் பம்ப் அன்று. வீட்டில் இளைப்பு நோயுள்ள முதியவர் ஒருவர் இருக்கிறார். மருத்துவமனை 30 கிலோமீட்டர் தொலைவு. இடையிலுள்ள ஒரே பெட்ரோல் பங்க்கை இரவு பத்து மணிக்கெல்லாம் மூடிவிடுகிறார்கள்.